வரி இல்லாதவர் போட வேண்டிய ரிட்டர்ன்

வங்கியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார் லேத் பட்டறைக்காரர். கடனுக்குக் கொண்டுவர வேண்டிய காகிதங்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்தார். விரலில் கிரீஸ் என்பதால் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார்.

"எல்லாம் கீது சார். இந்த மூணாவது மட்டும் இன்னானு பாரு."

கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரி ரிட்டர்ன் நகல். அதுதான் மூன்றாவது.

"போட்டிருக்கியாய்யா?"

"போடலியே சார்."

  ஏன் போடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது அவர் பட்டறை. ஒரே ஒரு லேத். விசைப்படகுகளின் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் தேய்ந்தாலும் வளைந்தாலும் அவரிடம்தான் வரும். காலையில் ஷாஃப்ட்டைத் தோளில் தூக்கி வந்தால் சாயங்காலம் படகில் மாட்டிவிடலாம். துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தத் தொழில் நடந்தது. இடத்துக்காரர் தண்டையார்பேட்டையில் இருந்தார். விற்கப் போவதாகவும், இருபது வருட வாடகைக்காரர் என்பதால் முதலில் இவருக்கே தருவதாகவும் சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்தக் கடன்.

வருமான வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இருந்ததில்லை. ஆனால் போன் இருந்தது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், தன் பெயரில் லேண்ட்லைன் போன் வைத்திருப்பவர், வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும் என்று ஒரு விதி கொண்டு வந்தார்கள். கார், வெளிநாட்டுப் பயணம், கிளப் உறுப்பினர் என்று ஒரு பட்டியல். அதில் போனும் ஒன்று. அதாவது, தான் வரி கட்ட வேண்டியதில்லை என்பதை ஒரு மனிதர் வருடா வருடம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை யோசித்தவரின் வீட்டு போனில் அவர் வீட்டார் மட்டும்தான் பேசியிருப்பார்கள் போலும். எங்கள் பக்கத்தில் ஒரு போன் என்றால் அது நான்கு தெருவுக்கு. கல்யாணப் பத்திரிகையில், வேலை விண்ணப்பத்தில், மருத்துவமனைச் சீட்டில் எல்லாம் பட்டறை நம்பர்தான். மணி அடித்தால் லேத்தை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மஸ்கட்டிலிருந்து என் மகன் ஞாயிறுதோறும் பேசியதும் அந்த போனில்தான். அந்த போனுக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

விதி வந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. தினசரியில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து என்னிடம் கொண்டு வந்தார். துறைமுக வேலையில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனு, ஆட்சேபம், மேல்முறையீடு என்று எது வந்தாலும் ராயபுரத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். கண்ணாடிகூடப் போடாமல் மேலோட்டமாகப் பார்த்தேன். கார், கிளப் என்று கண்ணில் பட்டது.

"இது அடையாறு ஆளுங்களுக்குய்யா. உனக்கு வரியே கிடையாது. தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டுவிட்டார். சான்று கேட்காமல் நம்பும் மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அன்று ஏன் வரவில்லை என்று பிறகு பல தடவை கேட்டுக்கொண்டேன். கடைசி வரி வரை படிக்காமல் குறிப்பு எழுதியதற்காக எத்தனை குமாஸ்தாக்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்!

எனவே இந்த முறை எல்லாவற்றையும் நானே செய்தேன். பான் கார்டு வாங்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜனவரியில் நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்துக்குப் போனோம். ஒரு பக்கப் படிவம். அந்த ஒரு பக்கம்தான் ஐந்தாறு வருடமாக எழுதப்படாமல் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் இரண்டு வருடத்துக்கு உரியதை வாங்கி முத்திரை குத்தினார். மூன்றாவதைத் திருப்பித் தந்தார்.

"இதுக்குக் காலக்கெடு முடிஞ்சிடுச்சு சார். வாங்க முடியாது."

எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன். எங்கேயாவது ஒரு சோம்பேறி பார்க்காமல் குத்திவிட மாட்டானா என்ற நப்பாசை. அவர் பார்த்தார், மரியாதையாகவும் சொன்னார். சண்டை போடக்கூட வழி இல்லை.

வங்கியில் சண்டை போட்டேன். ரிட்டர்ன் என்பது சம்பாத்தியத்துக்குச் சான்று, சம்பாத்தியத்தையே பார்க்க வேண்டுமானால் பட்டறைக்கு வந்து நில்லுங்கள், எத்தனை ஷாஃப்ட் வருகிறது என்று எண்ணுங்கள் என்றேன்.

கடன் அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். "மூணு வருஷம்னா மூணு வருஷம்தான் சார். ஏப்ரல்ல இந்த வருஷத்துக்குப் போட்டுட்டு வாங்க, உடனே பண்ணிடலாம்."

நியாயம்தான். மார்ச் முடிந்த மறுநாளே அந்த வருடத்து ரிட்டர்னைப் போடலாம். கடைசித் தேதி வரும் ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடத்துக்காரர் இரண்டரை மாத அவகாசம் கொடுத்தால் போதும். மறுநாளே தண்டையார்பேட்டைக்குப் போனோம். பட்டறைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய், தப்பு அவருடையது அல்ல, என்னுடையது என்று இடத்துக்காரரிடம் சொன்னேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

"அதுக்கு நான் இன்னா பண்றது பெரியவரே? தை பொறக்கட்டும்னு பாத்தேன், நீங்க வரல. கன்டெய்னர் லாரி நிறுத்த எடம் கேட்டவரு போன வாரமே அட்வான்ஸ் குடுத்துட்டாரு."

வெளியே வந்தேன். பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "டீ சாப்பிடலாம் வா சார்" என்றார். அந்த டீயை அவர் மேலேயே ஊற்றலாம் போல இருந்தது எனக்கு. ஒரு வார்த்தை, 'எல்லாம் உன்னாலதான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர்?

லேத் துறைமுகத்திலிருந்து வெகு தூரம் தள்ளி, மாத்தூருக்குப் போயிற்று. அங்கே கிடைத்தது ஒரு ஷெட். முதல் மாதம் நான்கைந்து படகுக்காரர்கள் மினி வேனில் ஷாஃப்ட் கொண்டு வந்தார்கள். பிறகு துறைமுகத்துப் பக்கத்திலேயே வேறொருவர் லேத் போட்டார். இவர் மணலிக் கம்பெனிகளுக்கு போல்ட், புஷ் என்று கடைந்துகொண்டிருந்தார். வேலை பிடித்துத் தந்தவரின் கமிஷன் போக மிச்சம்தான் இவருக்கு. ரிட்டர்னை மட்டும் வருடம் தவறாமல் நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார்.

சில வருடம் கழித்து ஒரு பட்ஜெட்டில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். போன் வைத்திருக்கிறார் என்பதற்காக இனி யாரும் ரிட்டர்ன் போட வேண்டாம். பேப்பரில் நான்கு வரி. யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அரசாங்கத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு மாதவரம் போய், அங்கிருந்து பஸ் மாறி மாத்தூர் போனேன். சொன்னேன்.

"அப்ப இனிமே போட வேணாமா சார்?"

"போடு."

"வேணாம்னு போட்டுகிறான்னு நீதான சொன்ன?"

"சட்டம் வேண்டாம்னு சொல்லும். பேங்க்காரன் நாளைக்கு மறுபடி கேப்பான். நீ போடு."

அவர் லேத்தை நிறுத்தினார். பழைய துணியில் கையை நிதானமாகத் துடைத்தார்.

"அன்னிக்கு வேணாம்ன, போடல. அப்பால போடுன, போட்டேன். இப்ப சட்டம் வேணாம்ங்குது, நீ போடுங்கற." கையை நீட்டினார். "பேப்பரக் குடு சார். எங்க எழுதிகிறான்னு நானே படிச்சிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னிடமே கேட்கிறாரே என்று. பேப்பரைக் கொடுத்தேன். எந்தப் பத்தி என்று காட்டப் போன என் விரலை ஒதுக்கிவிட்டு, தலைப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கடைசி வரி வரை படிக்கும் மட்டும் நான் நின்றுகொண்டிருந்தேன்.