ஒரு ஜெராக்ஸ் எடுக்கும் நேரம்

கல்யாணத்துக்கு முன்பு, புற்றுநோயாகிவிடக் கூடாதென்று என் கர்ப்பப்பை வாயில் கொஞ்சம் சதையை வெட்டியெடுத்தார்கள். அதைப் பற்றிப் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்றாம் மாத செக்கப்பில் நர்ஸ், "முன்னாடி ஆபரேஷன் ஏதும் உண்டா?" என்றார். பக்கத்தில் மாமியார். "இல்ல சிஸ்டர்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தவர், "அம்மா, இந்த ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று மாமியாரை அனுப்பிவிட்டு, "இப்பச் சொல்லு தாயி" என்றார்.

சொல்லி அழுதேன். "வெட்டிருந்தா பிள்ளை மாசத்துக்கு முன்னாடியே வந்துரலாம். தெரிஞ்சாத்தான கர்ப்பப்பை வாயோட நீளத்தை ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருக்கலாம்?" என்றார்.

ஐந்தாம் மாதம் நீளம் குறைந்தது, வாயைச் சுற்றித் தையல் போட்டார்கள். மகள் மாசம் நிறைந்து பிறந்தாள்.

"கர்ப்பப்பைக்குப் பலம் பத்தலைன்னு தையல்" என்கிறார் மாமியார். இன்றும் தலையாட்டுகிறேன். நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அந்த நர்ஸ்தான். அவர் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.