பாய் சுற்றிவந்த நான்கு மூலைகள்

செய்தி ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. திருவொற்றியூரில் நாங்கள் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்கு அத்தனை குழுக்கள். சலீம் பாய் காலையில் மாரடைப்பில் காலமானார் என்று ஒவ்வொன்றிலும் யாரோ போட, என் போன் விடாமல் அதிர்ந்தது. அந்த ஏழில் பாய் இருந்தது ஒன்றில்தான். மற்றதிலும் சேரச் சொல்லி நானே நச்சரித்திருக்கிறேன். "வேணாம்க்கா. ஏழுலயும் ஒரே வண்டியத்தான தேடிகினு கீறீங்க?" என்பார். அழுதுகொண்டிருந்தவள் அதை நினைத்துச் சிரித்தும் விட்டேன்.

அவருடைய சுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்டெய்னர் பெட்டி ஏற்றிய டிரெய்லர் வெளியே போகுமுன், பெட்டியை வண்டியோடு பிணைக்கும் லாக் நான்கு மூலையிலும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கொரு கேட்டில் எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. பாய் ஒவ்வொரு லாக்கையும் கையால் இழுத்துப் பார்ப்பார். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் பதில் வராது. சுற்றை மறுபடி தொடங்க நேராக முதல் மூலைக்குத் திரும்பிவிடுவார். மேனேஜர் கூப்பிட்டாலும் அதே கதிதான்.

டிரைவர்கள் முதலில் கொதித்தார்கள். "இன்னா பாய், பேஜாரு பண்ற? பின்னால எவ்ளோ வண்டி நிக்குது பாரு!"

"நிக்கட்டும் நைனா. உன் முறை வர்றப்போ உன் வண்டிய மட்டும்தான் பாப்பேன். அது வேணுமா, வேணாமா?"

வேணாம் என்று யார் சொல்வார்கள்? கொஞ்ச நாளில், புதிதாக வந்து கத்துகிறவர்களை டிரைவர்களே அடக்க ஆரம்பித்தார்கள். "பாய் சுத்திகினு கீறாரு, வாய மூடு!"

நான் நேர் எதிர். வேலையில் அவருக்கு மூன்று வருடம் சீனியர், இரண்டு போனை ஒரே நேரத்தில் சமாளிப்பவள் என்ற மிதப்பு வேறு. கப்பல் கிளம்பும் அவசரத்தில் இருந்த ஒருநாள், காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக டிரைவர் டில்லிபாபுவின் டிரெய்லரைச் சுற்றிவந்து கையெழுத்துப் போட்டேன். வண்டி நகர்ந்தது. டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்த பாய் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். பின்பக்கத்தில் ஒரு லாக் திறந்தே கிடந்தது.

எண்ணூர் சாலை வளைவில் அந்தப் பெட்டி சரிந்திருந்தால்? பக்கத்தில் பிள்ளைகளை பைக்கில் வைத்துப் பள்ளிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! டில்லிபாபு என்னைத் திட்டவில்லை. அந்த லாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாயும் திட்டவில்லை. "நீ என்னவிட கெட்டிக்காரிக்கா. அதான் ஆபத்து. எனக்கு அந்த அறிவெல்லாம் இல்ல, ஒண்ணொண்ணாத்தான் வரும்" என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது. அதன்பின் சுற்றும்போது ஒரு போனைப் பையில் போட்டேன், மற்றதை விட மனம் வரவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

துக்கம் விசாரிக்கத் தண்டையார்பேட்டைக்குப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "வூட்லயும் அப்டித்தான். சோறு துன்னசொல்லோ பேச மாட்டாரு. பொண்ணு வந்து பேசசொல்லோ, கைய தட்டுலயே வச்சிகினு அது மூஞ்சியையே பாத்துகினு இருப்பாரு." அந்தப் பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். தன்னை முழுதாகக் கேட்க ஒருவர் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மேனேஜர் பாயின் கேட்டையும் என்னிடமே கொடுத்தார். கூடவே பாயின் ஆபீஸ் போன். இப்போது இரண்டு கேட், மூன்று போன். மூன்றையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"வண்டி பார்க்கும்போது இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் சார். ஆள் வர்ற வரைக்கும் ஒரு கேட்டுதான்."

"லைன் ரோட்டுக்குப் போயிடும்மா!"

"போகட்டும் சார். கையெழுத்து என்னோடது."

முறைத்தார். ஆனால் மதியத்துக்குள் ஒரு கேட் மூடப்பட்டது. வரிசை சாலைவரை நீண்டதும் உண்மைதான்.

பாய் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அந்தச் சுற்று ஒன்றைத்தான். அன்று மூன்றாவது மூலையில் லாக்கைப் பிடித்திருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் "யக்கா, சீக்கிரம்!" என்று கத்தினான். கையை எடுத்தேன், முதல் மூலைக்கு நடந்தேன். அவன் மறுபடி வாயைத் திறப்பதற்குள், வரிசையில் நின்ற டில்லிபாபு தன் வண்டியிலிருந்து தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

"அக்கா சுத்திகினு கீறாங்க, வாய மூடு!"