நீடாமங்கலம் கேட்டில் ஸ்கூட்டர் பார்த்த கதை

பங்குனி பிறந்த முதல் சனிக்கிழமை, நானும் என் மகள் சுகன்யாவும் தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்கு வண்டி பார்க்கப் போனோம். நீடாமங்கலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்து கிளினிக்கில் அவளுக்கு லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இவள் தாமதமானால் அத்தனை பேரும் பட்டினி. வீட்டிலிருந்து ஒரு வழிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலும் கடைசி ஆறு கிலோமீட்டருக்கு வழியில்லை.

"நீங்க வாங்குற வண்டியை நம்பி நான் வேலைக்குப் போக முடியாதுப்பா. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன்" என்றாள்.

எனக்குக் கோபப்பட வழியில்லை. இதுவரை நான் வாங்கிய மூன்றும் செகண்ட் ஹேண்ட் வண்டிகள். அவற்றைத் தள்ளிக் கொடுத்த வகையில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்குப் பழக்கமானார்கள். படித்தது பத்தாவது, ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் இன்ஜினியர் என்று நினைப்பு. பெயின்ட்டைத் தடவிப் பார்த்து, டயரை ஓர் உதை உதைத்து, முடித்துவிடலாம் என்பேன்.

இருப்பது ஒரே பெண். அவளும் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் நானும் அவள் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூன்று நாள் யோசித்து, ஒரு யோசனை கண்டுபிடித்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே கேட் போட்டால் லேசில் திறக்காது. ரயில் போவதோடு, இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் உண்டு. எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு நிற்பார்கள். திறந்ததும் எது ஒரே தட்டில் கிளம்புகிறது என்று பார்த்தால் போதாதா? விற்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

காலை ஆறரைக்கு என் பைக்கில் கிளம்பினோம். புன்னைநல்லூர், சாலியமங்கலம் தாண்டி அம்மாப்பேட்டையில் டீயும் வடையும், இருவருக்கும் நாற்பது ரூபாய். அதற்கப்புறம் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் இலவசமாக உளுந்து அடித்துக் கொடுக்கிறது. அதன்மேல் மட்டும் பிரேக் போடாதீர்கள், வழுக்கும். முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு டீ நேரத்தோடு ஒன்றேகால் மணி ஆனது.

நாங்கள் போகவும் கேட் போடவும் சரியாக இருந்தது. நான் பளபளப்பான வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்பர் பிளேட்டைப் பாருங்கப்பா. புது வண்டி எப்படியும் ஸ்டார்ட் ஆகும். பழைய நம்பர்ல எது அதிகமா நிக்குதுன்னு பாருங்க" என்றாள் சுகன்யா.

அப்படிப் பார்த்தபோது, பழைய நம்பர் ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் ஒரே மாடல். அதில் ஒன்றின்மேல், தைத்த ஜாக்கெட் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்கக்கா?" என்று கேட்டாள்.

"பெரியவன் அஞ்சாவது படிக்கையில வாங்குனது. இப்ப அவன் காலேஜே முடிச்சிட்டான்."

"செலவு வைக்குதா?"

"ஆயிலு, டயரு, ஒரு தடவை பெல்ட்டு. பேட்டரி ரெண்டோ மூணோ. சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும்மா."

நான் அதற்குள் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டேன். "விக்கிறதா இருந்தா சொல்லுங்கம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா ஓடுற வண்டியை எதுக்கு சார் விக்கணும்?"

என் மூன்று வண்டிகளை விற்றவர்களும் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கேட் திறந்தது. அந்த அம்மா பட்டனைத் தொட்டார், போய்விட்டார். நான் கிக்கரை உதைத்தேன். மறுபடி உதைத்தேன். பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. லோடு ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, ஓரமாத் தள்ளிட்டுப் போய் உதைங்க. இப்படியே நின்னீங்கன்னா அடுத்த ரயிலும் வந்துரும்."

சுகன்யா சிரித்துக்கொண்டே தள்ளினாள். ரூம் பேச்சை எடுக்கப்போகிறாள் என்று பயந்தபடி தள்ளினேன். தண்டவாளம் தாண்டி மூச்சு வாங்கி நின்றபோது சொன்னாள்: "அதே மாடல் புதுசா எடுப்போம்ப்பா. தவணை என் சம்பளத்துல கட்டிக்கிறேன்."

"அப்ப ரூமு?"

"வண்டியைப் பொறுத்து. ஆனா கடைக்கு நான் போறேன். நீங்க டயரை உதைக்கக் கூடாது."

எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றைந்தாயிரம் சொச்சம் ஆனது. வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் தினமும் போகிற ரோட்டில் பத்து வருஷம் தாண்டியும் எந்த மாடல் ஓடுகிறது என்று பாருங்கள். வழியிலுள்ள பட்டறைகளில் அதற்குச் சாமான் இருக்கிறதா என்று இறங்கிக் கேளுங்கள். பட்டனோடு கிக்கரும் இருந்தால் நல்லது. சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். வேடிக்கை பார்க்க நீடாமங்கலம் போவதாக இருந்தால், நல்ல வண்டியில் போங்கள்.

முதல் திங்கட்கிழமை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்பே சேர்ந்துவிட்டோம். ஏழேகாலுக்கெல்லாம் முதல் ஆள் ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் இட்லிக்கு உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்த ஆறு கிலோமீட்டரும் நடந்துபோய் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம், இருட்டுவதற்கு முன்பே, வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள்.