காலை வசனம்

தினமும் காலையில் எனக்கு வரும் வேத வசனத்தை, கட்டிலை விட்டு இறங்குமுன்னே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அம்மா அடக்கத்தன்று சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன தம்பி, ஒருநாள் வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு என் வீடு தேடி வந்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம் பேசணும்."

"போலே. இங்கன உனக்கு ஒரு சோலியும் கிடையாது."

கதவைச் சாத்திவிட்டு, ஜெபம் பண்ணிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் அவன் மனைவி என்னிடம் சொன்னாள்: "சகோதரனை மன்னிக்கணும்னு அன்னைக்குக் காலையில நீங்க அனுப்புன வசனத்தைப் பார்த்துட்டுத்தான் அத்தான், அவிய பஸ் ஏறுனாவ."

வீட்டுக்கு வந்து போனில் அந்த நாளைத் தேடினேன். வசனம் அங்கேயே இருந்தது. அப்போதுதான் அதை முதன்முதலாக வாசித்தேன்.