கண்ணாடிக்குள் ஒரு செவ்வந்தி

"பிள்ளை, ரெண்டு பூ ஆயட்டோ?"

கரம்பொன் கிராமத்தில் குலசிங்கம் அண்ணையின் காலை இப்படித்தான் தொடங்கும். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்தின் வேலியைத் தாண்டி ஒழுங்கைக்குள் தொங்குகிற செவ்வரத்தம் பூவுக்குத்தான் இவ்வளவு மரியாதை. ஊரே கேளாமல் ஆய்ந்துகொண்டு போகிற பூ! "சாமிக்கெண்டால் ஆரண்ணை கேக்கிறது? ஆயுங்கோவன்!" என்று அவள் குசினிக்குள் இருந்து கத்தினாலும் போதாது. "ஓம்" என்று சம்மதம் சொல்லவேண்டும். பதினாறு வருடம் கப்பல் எஞ்சின் அறையில் நின்றதில் காதும் கொஞ்சம் மந்தம். ஆகவே அந்த ஓமை இரண்டு தரம் சொல்லவேண்டும்.

அவரைப் பற்றிச் சஞ்சிகைக்கு எழுதப்போகிறேன் என்றதும் மனைவி அன்னபூரணம் அக்கா சாமியறைக்கு ஓடினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் காய்ந்துபோன செவ்வந்தி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எண்பத்திநாலிலை யப்பானிலை பூக் கண்காட்சி பாக்கப் போனவர், தம்பி. சூரன்போர் அண்டைக்கு. இவர் விரதமெண்டு அறிஞ்சு, வளத்த கிழவனே முறிச்சுக் குடுத்தவனாம். இதை வடிவாய் எழுதும்."

"எழுதாதையும்," என்றார் அண்ணை. "அது பொய். நான்தான் முறிச்சனான்."

அக்கா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"இருவது நாளாய்க் கப்பலிலை முருகன்ரை படத்துக்கு ஒரு பூ இல்லை. அங்கை பாத்தால் தோட்டம் முழுக்கச் செவ்வந்தி. சாமிக்குத்தானே எண்டு ஒண்டை முறிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். ஒரு செடியிலை மூண்டே மூண்டு பூ விட்டு, ஒரு வருசமாய்ப் பாத்துப் பாத்து வளக்கிறவையாம். பிறகுதான் தெரியும். திரும்பினால் பூவை வளத்த அந்த மனிசன் பின்னாலை நிக்கிறார்."

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "இத்தனை வருசமாய் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனே! ஒரு நாள் வாய் திறந்தீங்களோ?"

"கிழவன் தந்தவரோ எண்டு நீர்தான் கேட்டனீர். ஓம் எண்டிட்டன். பிறகு வெக்கத்திலை சொல்ல ஏலாமல் போச்சு." என்னைப் பார்த்தார். "உள்ளதை எழுதும்."

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் பேனையை மூடினேன். நான் வராமல் இருந்திருக்கலாம்.

"அந்த மனிசன் என்ன செய்தவர்? ஏசினவரோ? அடிச்சவரோ?" என்று கேட்டார் அக்கா.

"அடிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இதைத்தான் செய்தவர்."

கதிரையை விட்டு எழுந்தார். கால்களைச் சேர்த்துக் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, மனைவியின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். நிமிரவில்லை.