வெள்ளிக்கிழமைக் கறிக்குழம்பு

போன வெள்ளிக்கிழமை கீரப்பாளையத்தில் ஒரு கறிக்குழம்பு மூன்று சபைகளைப் பிரித்து வைத்தது. பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். மனசு இன்னும் ஆறவில்லை.

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறக்க வேண்டும். என்ன தோன்றியதோ, இந்த முறை சேர்ந்தே திறந்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லுத்தரன் சபை அரிசி, பருப்பு கொடுத்தது. சிதம்பரம் கத்தோலிக்கர்கள் திருவிழாச் சமையல் அண்டாக்களைக் கொண்டுவந்தார்கள். எங்களுடையது சின்ன பெந்தெகொஸ்தே சபை... விறகு கொடுத்தோம்.

ஒருவர் ஜெபத்துக்கு இன்னொருவர் ஆமென் சொல்லத் தயங்குகிற ஊரில் ஒரே அடுப்பு. நம்ப முடிகிறதா?

லுத்தரன் வாத்தியார் டேனியலும் கத்தோலிக்க உபதேசியார் சவரிமுத்துவும்தான் பொறுப்பு. முதல் நாள் சார், சார் என்றார்கள். இரண்டு நாளில் மச்சான் ஆகிவிட்டது. "மச்சான், இன்னைக்கு உப்பு ஜாஸ்தி" என்று இவர் சொல்ல, அவர் சிரிக்க... எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்கள் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் போனதும், டேனியல் ஒரு அண்டாவைத் திறந்தார். வாரம் முழுக்க உழைத்த எங்களுக்காகக் கறிக்குழம்பு. தானே மசாலா அரைத்து வைத்தது. முதல் கரண்டியை ஆசையாகச் சவரிமுத்து இலையில் ஊற்றினார்.

சவரிமுத்து இலையை மடித்தார்.

"வெள்ளிக்கிழமை நாங்க கறி தொடமாட்டோம்னு தெரியாதா சார்?"

"சத்தியமா தெரியாது மச்சான்."

"எங்க அண்டாவுலயே ஆக்கி, எங்க எலையிலயே ஊத்துறீங்க. தெரியாமயா?"

நிஜமாகவே தெரியாது. அதுதான் கொடுமை. எதிர்வீட்டுச் செட்டியார் எந்தெந்த நாளில் கவிச்சி சேர்க்கமாட்டார் என்பது டேனியலுக்கு அத்துப்படி. அதே கிறிஸ்துவைக் கும்பிடுகிற சவரிமுத்து, அவர் சிலுவையில் மரித்த கிழமைக்காகக் கறியை ஒதுக்குவது மட்டும் தெரியாது. எப்படித் தெரியும்? என்றைக்காவது ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டிருந்தால்தானே?

'மன்னிச்சுக்கங்க' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. டேனியலுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"ஆசையா வச்சத வேணாம்னுட்டாரு. இனிமே அவுங்க அண்டாவுல எங்க அரிசி வேவாது."

இரண்டு பேரிடமும் கெஞ்சினேன். காலில் விழாத குறை. சாயங்காலமே அண்டாக்கள் மாட்டுவண்டியில் சிதம்பரம் போயின. அரிசி மூட்டைகள் லாரியில் கடலூருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் ஜனங்கள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்குச் சமையல் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அண்டா போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "எங்க வூட்டுக் குண்டான் ஒண்ணு வெள்ளத்துல போவாம தப்பிச்சிதுங்க. எடுத்தாரட்டுமா?" என்றாள்.

அரிசியும் போய்விட்டது என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நேற்று தகவல் வந்தது. அடுத்த மாதம் சிதம்பரத்தில் மூன்று சபைகளும் சேர்ந்து ஐக்கியக் கூட்டம் நடத்தப் போகிறார்களாம். தவறாமல் வரவேண்டுமாம்.

மதியச் சாப்பாட்டை மட்டும் அவரவரே கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம்.