கரண்ட் போனால் ஓடி வருகிறவர்கள்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு, எங்கள் ஊரில் கரண்ட் போனால் யாரும் விளக்கைத் தேடவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் உண்டு. மனுஷன் அடிக்கடி கழனியில் மயங்கி விழுவார், எழுந்து உட்கார்ந்துகொண்டு வெயில்மேல் பழியைப் போடுவார். ஒரு நாள் என் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலேயே சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போன இடத்தில் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "நெஞ்சு நின்னு நின்னு அடிக்குதும்மா. ஒரேயடியா நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, உடனே மெட்ராஸ் போங்க" என்றார்.

மெட்ராஸில் காறை எலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் நெஞ்சுக்குள் போகிறதாம். நெஞ்சு அசந்தால் அது தட்டி எழுப்புமாம். உள்ளேயே பேட்டரி இருக்கிறது, பல வருஷம் ஓடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நானும் ஊருக்கு வந்து தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? எங்கள் பக்கத்தில் ஒயர் என்றால் அது கம்பத்திலிருந்துதான் வர வேண்டும்.

முதல் ஆளாக வந்து நிற்பவள் எதிர்வீட்டுக்காரி. என் மச்சாண்டார், அதாவது இவருடைய அண்ணன், கழனியில் வேலை செய்கிறவள். சேற்றுக் காலோடு வந்து, "அண்ணி, கரண்ட் பூட்ச்சே, அண்ணன் எப்படிக்கீறாரு?" என்பாள். பின்னாலேயே நாலு பேர். "ஏண்டி, டிரான்ஸ்பார்மர்லருந்தா இந்த மனுஷனுக்கு லைன் இழுத்துக்கினு வந்திருக்கோம்?" என்று கத்துவேன். இவருக்கோ கொண்டாட்டம். ஒரு தரம் கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டிலில் விறைத்துப் படுத்துவிட்டார். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்குச் சோறு போட மாட்டேன் என்றேன், போட்டேன்.

ஊரே வந்து பார்த்தது. கூடப் பிறந்த அண்ணன் வரவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு, ஒரே கரண்ட் மோட்டார், நாள் மாற்றி நாள் முறைத் தண்ணீர். ஒரு கோடையில், அவர் முறையில் கரண்ட் வராமல் போய், மறுநாள் எங்கள் முறையில் வந்தது. முறை யாருக்கு என்று கிணற்றுமேட்டிலேயே வாய் முற்றி, அன்றோடு பேச்சு அறுந்தது. வருஷக்கணக்கில் ஒரே வரப்பில் எதிரும் புதிருமாக வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

மெட்ராஸ் வார்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். ஒரு சாயங்காலம், "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா அண்ணன் வருவாரா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தபிறகு வந்து யாருக்கு என்ன? உயிரோடு இருக்கும்போதே அவர் எங்கள் வாசலை மிதிக்க வேண்டும், அதை இந்த மனுஷன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குப் பகல். மச்சாண்டார் முறை. மல்லாட்டை காய் பிடிக்கிற நேரம், தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. கிணற்றுமேட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் வீடுவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது. இவர் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி வரவில்லை, விழுப்புரத்தில் கல்யாணம் என்று காலையிலேயே போய்விட்டாள். அப்பாடா என்று நான் வெங்காயம் நறுக்கி வைத்தேன்.

வாசலில் தடதடவென்று சத்தம். மச்சாண்டார்! வேட்டியை மடித்துக்கட்டி, முழங்கால்வரை சேறு, துண்டு எங்கே விழுந்ததோ. கரும்புச் சோகை கிழித்துக் கையெல்லாம் ரத்தக் கோடு.

"டேய், டேய் தம்பி" என்றவர் உள்ளே வந்து இவர் எதிரில் பொத்தென்று உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. இவர் வாயில் கூழோடு அப்படியே இருந்தார்.

"வாங்க மாமா" என்றேன். அவ்வளவு வருஷமாகச் சேர்த்து வைத்த ஏச்சு நாக்கு நுனியில் நின்றது.

"என்னம்மா பண்றது, எதிர்வீட்டுக்காரி ஊர்ல இல்ல" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "கரண்ட் போனா அவளதான் ஜல்தியா ஓடு, பாத்துட்டு வந்து சொல்லுன்னு தொரத்துவேன். இன்னிக்கு யார அனுப்பறது?"

என் ஏச்செல்லாம் எங்கே போனதோ. அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு, பாவம், மச்சாண்டார் இனிமேலாவது இப்படிப் பதறக் கூடாதே என்று, "மாமா, அதுக்கும் கரண்டுக்கும்" என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கூழ்க் கையோடு என் புடவையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. பேசாதே என்று தலையை ஆட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டு மச்சாண்டாருக்கும் ஒரு சொம்பு கூழ் கரைத்தேன். அவர் வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. ஒரு கை தம்பி நெஞ்சிலேயே இருந்தது. கண் மட்டும் உத்தரத்தில் தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து பல்பு எரிந்தது.

"வந்துட்ச்சுடா!" என்றார் மச்சாண்டார். "இப்ப எப்படிடா இருக்குது?"

என் வீட்டுக்காரர் மூச்சை ஆழமாக இழுத்து விட்டார்.

"ஆங், இப்பத்தாண்ணே உயிர் வந்துச்சு."